வாசலுக்கு வந்த பணம்

காமராஜர் முதலமைச்சராக இருந்த 1962-ல் சென்னை மாநில அரசு ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. நாட்டிலேயே இதுதான் முதல் என்று சிலர் சொல்வதுண்டு. உத்தரப்பிரதேசம் 1957-லேயே தொடங்கிவிட்டது. முந்தி யார், பிந்தி யார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அந்த 20 ரூபாயை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று யாரோ ஒரு அதிகாரி கோட்டையில் உட்கார்ந்து யோசித்திருப்பார் அல்லவா, அவரைப் பற்றித்தான் எனக்கு யோசனை.

1951-61 பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் 41 வயதை ஒட்டி இருந்தது. அதைப் படித்துவிட்டு அந்தக் காலத்தில் கிழவன் கிழவிகளே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளைச் சாவுதான் அந்தக் கணக்கைக் கீழே இழுத்தது. அம்மையும் காலராவும் பிரசவமும் தாண்டி வந்தவர்கள் எழுபது, எண்பது வரை இருந்தார்கள். களை வெட்டவும் பருத்தி எடுக்கவும் முடிகிற வரை கூலி. முடியாத அன்று திண்ணை. இடையில் வேறு எதுவும் இல்லை. அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமென்றால் தாலுகா ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கலாம். சீமையில் அப்படித்தான் செய்தார்கள்: 1909 ஜனவரி 1 முதல், 70 வயது கடந்த ஏழைகள் தபாலாபீசுக்கு வந்து வாரம் 5 ஷில்லிங் வாங்கிக்கொண்டு போனார்கள். இங்கே மணியார்டர் இருந்தது. 1880-லிருந்து தபால் துறை கையில் இருந்த ஏற்பாடு அது. ரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் மகன்கள் ஆத்தாமார்களுக்குப் பணம் அனுப்பிய அதே வழியில் அரசாங்கமும் அனுப்பிவிட்டது. இதில் பெரிய தத்துவம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை, கைக்கு எட்டிய வழி அதுதான். ஆனால் அதனால் ஒரு காரியம் நடந்தது. நடக்க முடியாத ஆளிடம் பணம் நடந்து போனது.

அப்படி அதை நடத்திக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக் கிராமங்களில் கிளைத் தபாலாபீசின் பட்டுவாடா ஆள். அப்போது எங்களை இ.டி. என்பார்கள், இலாகாவுக்கு வெளியே உள்ளவர்கள் என்று அர்த்தம். பிற்பாடு 'கிராமிய அஞ்சல் ஊழியர்' என்று பெயர் மாறியது. சம்பளம் என்று சொல்லாமல் படி என்று கொடுப்பார்கள். 65 வயதில் வீட்டுக்கு அனுப்புவார்கள், இலாகா ஊழியருக்கு உள்ளதுபோல மாதப் பென்ஷன் கிடையாது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகைக்கும் வெகுகாலம் 65 வயதுதான் கணக்கு. எங்கள் கூட்டத்தில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

நான் வேலையில் சேர்ந்தபோது தொகை இன்னும் இரண்டு இலக்கத்தில்தான் நின்றது. மணியார்டர் பாரங்கள் கட்டாக வரும். அனுப்புநர் இடத்தில் தாசில்தார் முத்திரை, கீழே கூப்பனில் மாதமும் உத்தரவு எண்ணும் இருக்கும். மகன் அனுப்பும் மணியார்டர் கூப்பனில் 'அம்மாவுக்கு, நலம், நலமறிய ஆவல்' என்று நாலு வரி இருக்கும், நாங்கள் படித்துக் காட்டுவோம். அரசாங்கக் கூப்பனில் படிக்க ஒன்றும் இல்லை. அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. எண்ணை வாசிப்பேன். "சரி, நல்லாருக்கட்டும்" என்பார்கள்.

பணம் ஒரே நாளில் பட்டுவாடா ஆனதாக நினைக்க வேண்டாம். கிளைத் தபாலாபீசில் இவ்வளவுதான் ரொக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு உண்டு. மணியார்டர் நாற்பது வந்திருக்கும், பெட்டியில் பத்துப் பேருக்குத்தான் பணம் இருக்கும். மீதிக்கு மேலாபீசுக்கு எழுதிப்போட்டு, தபால் பையோடு ரொக்கம் வரும் வரை காத்திருக்க வேண்டும். யாருக்கு முதலில் கொடுப்பது? விதிப்படி வந்த வரிசை. நான் பார்த்த கிளை போஸ்ட்மாஸ்டர்கள் எல்லாரும், ஒருவர் விடாமல், வேறொரு வரிசை வைத்திருந்தார்கள்: யார் வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அவர்கள் முதலில். விதிப் புத்தகத்தில் அதற்கு இடம் இல்லை, தணிக்கைக்கு வந்த யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

இந்தப் பணம் யாருக்கு என்பதிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. விண்ணப்பத்தில் கேட்டதெல்லாம் மகன், சொத்து, வயது. வளர்ந்த மகன் இருந்தால் கிடையாது. சொத்து 5,000 ரூபாயைத் தாண்டினால் கிடையாது, பிற்பாடு அந்த வரம்பை உயர்த்தினார்கள். பிச்சை எடுப்பதையே தொழிலாக வைத்திருந்தால் கிடையாது. இந்தக் கடைசி நிபந்தனையை எழுதியவர் என்ன மனதோடு எழுதினாரோ! வயதுக்கு எங்கள் ஊர்களில் பிறப்புச் சீட்டு ஏது? 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழிக்கும் வரை கர்ணம்தான் வயது சொன்னார். "விஷக்காய்ச்சல் வந்த வருசம் நீ நடந்தியா, தவழ்ந்தியா?" என்று கேட்பார். 1918-ல் ஊரை வாரிக்கொண்டு போன காய்ச்சல் அது. தவழ்ந்தேன் என்றால் ஒரு வயது, நடந்தேன் என்றால் இன்னொரு வயது. சந்தேகம் வந்தால் அரசாங்க டாக்டரிடம் அனுப்புவார்கள். அவர் பல்லையும் தோலையும் பார்த்து எழுதிக் கொடுப்பார்.

அந்தக் காகிதத்தில் எங்குமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இந்த ஆளால் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? மகன் இல்லாதவர்தான் தள்ளாதவர் என்று சட்டம் நினைத்தது. நான் பார்த்த வரையில் மூன்று மகன் பெற்றவளும் தளர்ந்தாள், ஒரு மகனும் இல்லாதவள் எண்பதிலும் முள் வெட்டிக்கொண்டு வந்தாள். உடம்பை யாரும் அளக்கவில்லை. எங்களுக்குத்தான் மாதம் ஒரு தடவை அது கண்ணில் பட்டது.

ஒரு பெரியவரை உதாரணத்துக்குச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பனையேறி இளைத்த உடம்பு. ஆரம்பத்தில் மணியார்டர் வரும் நாளைக் கணக்குப் பண்ணி, ரோட்டோரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சைக்கிளைத் தூரத்தில் பார்த்ததும் எழுந்து நிற்பார். அங்கேயே பெருவிரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு, நோட்டை எண்ணி மடியில் சொருகிக்கொண்டு ஒரு டீ குடிப்பார். சில வருடம் போனது. டீக்கடையில் ஆளைக் காணோம். ஊருக்குள் வேப்பமரத்து மேடையில் இருந்தார். "அங்க வரைக்கும் எதுக்கு, நீதான் இங்க வருவியே" என்றார். அடுத்து அவர் வீட்டுத் திண்ணை. பிறகு மணியடித்தால் உள்ளே இருந்து "வாரேன்" என்று குரல் மட்டும் வரும், ஆள் வர நேரமாகும். நான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, அடுத்த பாரத்தை எடுத்து, சாட்சிக்குப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு முடிக்கும்போதுதான் வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்கப்புறம் நான் உள்ளே போனேன். ரோட்டிலிருந்து கட்டில் வரை அவர் ஊர் சுருங்கியதைப் பார்த்த அரசாங்க ஆள் நான் ஒருவன்தான். அதை எழுதிக்கொள்ள என்னிடம் பாரம் எதுவும் இல்லை.

பெண்களிடம் வேறு அடையாளங்கள். எங்கள் பக்கத்துக் கிழவிகள் பாம்படம் போட்டுக் காது வளர்த்தவர்கள். பாம்படம் பஞ்சத்திலோ பேத்தி கல்யாணத்திலோ போய்விடும், காது மட்டும் வெறுமையாகத் தொங்கும். அதில் தெரிவது வறுமை. தளர்ச்சி கையில் தெரியும். கைநாட்டு வைக்கும்போது முதலில் அவர்களே மைப்பெட்டியில் விரலை உருட்டி, காகிதத்தில் அழுத்தி எடுப்பார்கள். பின்னால் நான் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்த வேண்டி வரும். அப்படிப் பிடிக்கையில்தான் போன மாதத்தைவிட எலும்பு மேலே வந்திருப்பது தெரியும். "என்ன ஆத்தா, சாப்பிடலையா?" என்றால், "பசிக்கலய்யா" என்பார்கள். பசிக்கவில்லை என்பது வயதானவர்கள் வீட்டில் சொல்லும் மரியாதையான வார்த்தை, மருமகள் காதில் விழுந்தாலும் குற்றம் இல்லாதது. அதை நம்பிவிடக் கூடாது.

மருத்துவர்கள் இதற்கெல்லாம் அளவு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் லிண்டா ஃபிரைடு என்ற டாக்டரம்மாவும் அவர் குழுவும் 2001-ல் ஐந்து அடையாளங்களை எழுதினார்கள்: தானாக எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி இளகுவது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. இவற்றில் மூன்று இருந்தால் தளர்ந்த உடம்பு. பதினைந்து அடி தூரத்தை எத்தனை விநாடியில் நடக்கிறார் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்களாம். திண்ணைக்கும் வாசலுக்கும் அவ்வளவு தூரம்தான் இருக்கும். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இந்தியாவிலும் 2017-18-ல் 72,000 பேருக்கு மேல் வீடு வீடாகப் போய் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குக் கைப்பிடி பலத்தைக் கருவி வைத்து அளந்தார்கள், நடக்கவிட்டும் பார்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் மணியார்டர் காலத்தில் மாதா மாதம் ஒருவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.

சென்னையில் முதியோருக்கென்று தனி மருத்துவம் 1978-லேயே தொடங்கியது. அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் அதற்குப் புறநோயாளிப் பிரிவு ஆரம்பித்தார். பிற்பாடு சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு மேல்படிப்பும் வந்தது. எங்கள் பக்கம் அது வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது சோறு. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினார், அடுத்த வருடம் முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களும் மையத்தில் சாப்பிடலாம் என்றார்கள். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்தபின் பெரியவர்கள் தட்டோடு உட்காருவார்கள். பேரன் சாப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குக் கூச்சப்பட்டவர்கள் தூக்குவாளி கொடுத்தனுப்பினார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி, சேலை உண்டு. மாதம் அரிசியும் வந்தது: மையத்தில் சாப்பிடாதவர்களுக்கு 4 கிலோ, சாப்பிடுபவர்களுக்கு 2 கிலோ. இதில் ஒரு சங்கடம் இருந்தது. மையம் வரை நடக்கத் தெம்பு உள்ளவருக்குச் சூடான சோறு. தெம்பு போனவருக்கு அரிசி, அதுவும் அவர் வீட்டில் யாராவது ரேஷன் கடைக்குப் போய் வாங்கி வந்து, ஆக்கிக் கொடுத்தால்.

எழுதத் தயங்கும் ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. விருதுநகர், மதுரைப் பக்கங்களில் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் பற்றிப் பேச்சு உண்டு. படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, குளிரிலும் காய்ச்சலிலும் போகவிடுவது. 2010-ல் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பிரியா கிருஷ்ணசாமி எடுத்த 'பாரம்' படம் இதைப் பற்றியது, தேசிய விருதும் பெற்றது. நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று சொல்பவர்களையும் பார்த்ததில்லை, எல்லாரும் அடுத்த ஊரில் நடந்ததாகத்தான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது மணியார்டர் பாரத்தின் மேல் நான் எழுதிய குறிப்பு மட்டும்: 'பெறுநர் காலமானார், அனுப்பியவருக்குத் திருப்பப்படுகிறது.' தாசில்தார் ஆபீசுக்கு ஒரு சாவு தெரிய வருவது பல தடவை அந்தக் குறிப்பிலிருந்துதான். எப்படிக் காலமானார் என்று பாரத்தில் கேட்பதில்லை, கேட்டிருந்தாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன், இது என் கணிப்பு, ஆதாரம் கேட்டால் இல்லை: மாதம் ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒருவன் உள்ளே வருகிற வீட்டில், கட்டிலில் கிடக்கிற உடம்புக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை இருந்தது. பணத்துக்காக என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும், பணத்துக்காகத்தான்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் மறைக்கக் கூடாது. பணம் கொடுக்கும்போது சில்லறையை நிறுத்திக்கொண்டவர்கள் இருந்தார்கள். 'போஸ்ட்மேன் காசு' என்று அதற்குப் பெயரே இருந்தது. சிலர் டீச்செலவுக்கு என்று கேட்டார்கள், சிலர் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். கிழவிகளாகக் கொடுத்ததை வாங்காவிட்டால் கோபித்துக்கொண்ட வீடுகளும் உண்டு என்பது உண்மைதான், ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

1995 ஆகஸ்ட் 15-ல் மத்திய அரசும் இந்தக் காரியத்துக்குள் வந்தது, தலைக்கு மாதம் 75 ரூபாய். 2006-ல் அதை 200 ஆக்கினார்கள். 2011-ல் வயதை 60-ஆகக் குறைத்து, எண்பது தாண்டியவர்களுக்கு 500 என்றார்கள். அத்தோடு சரி, மத்தியப் பங்கு அங்கேயே நிற்கிறது. தமிழ்நாடு தன் கையிலிருந்து போட்டு 2011-ல் 1,000 ஆக்கியது, 2023-ல் 1,200. அந்த 1,000 ரூபாய்தான் ஒரு வகையில் மணியார்டருக்கு முடிவு கட்டியது. மணியார்டர் கமிஷன் 20 ரூபாய்க்கு 1 ரூபாய். ஆயிரத்துக்கு 50. லட்சக்கணக்கான பேருக்கு மாதா மாதம் 50 ரூபாய் கமிஷன் கட்டுவதைவிட வங்கிக் கணக்கில் போடலாம், போஸ்ட்மேன் கை வைக்கிறான் என்ற புகாரும் தீரும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் தப்பு இல்லை. 2011-க்குப் பிறகு படிப்படியாகப் பணம் வங்கிக்குப் போயிற்று. பாரக்கட்டு வருவது குறைந்து, ஒரு மாதம் வராமலே நின்றது.

அதற்குப் பிறகு ஊரில் நடந்தது வேறு வகை நடை. வங்கி ஏழெட்டு மைல் தள்ளி இருக்கும், அல்லது வங்கியின் முகவர் ஒரு கைமெஷினோடு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் உட்காருவார். ஆட்டோ பிடித்து, துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். துணைக்கு வருபவருக்கு அன்றைய தீப்பெட்டி ஆபீஸ் கூலி போய்விடும், அதையும் இந்த ஆயிரத்திலிருந்துதான் சரிக்கட்டியாக வேண்டும். போய்ச் சேர்ந்தால் ரேகை விழாது. கட்டைப்பெட்டி அடுக்கியும் சுண்ணாம்பு கலக்கியும் மண்ணைக் கிளறியும் தேய்ந்த விரல்கள் அவை. வயதானால் தோலும் வறண்டு ரேகை மங்கிவிடும். மைப்பெட்டிக் காலத்தில் கைநாட்டு மங்கலாக விழுந்தால், பக்கத்து வீட்டுப் பையன் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும். மெஷின் சாட்சி கேட்காது. தேங்காயெண்ணெய் தடவு, ஈரத்துணியில் துடை, அடுத்த விரலை வை என்று எல்லாரும் யோசனை சொல்வார்கள். நான் அறிந்த ஒரு கிழவி பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லா வெரலும் எனதுதாம்யா" என்றாள்.

ஆந்திரத்தில் 2020-லிருந்து தொண்டர்களை வைத்து மாதம் முதல் தேதி வீட்டு வாசலிலேயே பென்ஷன் கொடுத்தார்கள். ஆட்சி மாறியது, தொண்டர்கள் போனார்கள், ஆனால் வாசல் பட்டுவாடா போகவில்லை. 2024 ஜூலை 1-ல் அரசு ஊழியர்களே வீடுகளுக்குப் போய்க் கொடுத்தார்கள். அரசியல் லாபம் இல்லாமலா என்று கேட்பீர்கள். இருக்கும். எனக்கு அதில் கவலை இல்லை.

இங்கேயும் வழி இல்லாமல் இல்லை. 2018 செப்டம்பரில் தபால் துறையே ஒரு பேமெண்ட்ஸ் வங்கி தொடங்கியது. என் இடத்துக்கு வந்திருக்கும் பையன் செல்போனும் விரல் மெஷினும் வைத்திருக்கிறான். ஆதார் இணைத்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் வீட்டு வாசலில் பணம் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் யார் கூப்பிட்டார்களோ அங்கேதான் போவான். எனக்கு மாதா மாதம் பாரக்கட்டு வந்தது, அதுவே பட்டியல். இன்ன தெருவில் இன்ன கிழவி இருக்கிறாள் என்று அது எனக்குச் சொன்னது. அவனுக்கு அப்படி எதுவும் வருவதில்லை. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, ஆனால் அது சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களின் பட்டியல். ஒரு வியாதியும் இல்லாமல் வெறுமனே தளர்ந்து கிடப்பவர் அதில் இல்லை.

போன தை மாதம் அந்தப் பையனும் அந்தப் பெண்ணும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்திருந்தார்கள். நானும் இப்போது இந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் வயதுதான். மூவரும் உட்கார்ந்து எனக்கு நினைவிருக்கிற வீடுகளைத் தெரு வாரியாகச் சொல்ல, அவன் ஒரு நோட்டில் எழுதினான். பெயர், தெரு, கணக்கு எந்த வங்கியில், ரேகை விழுகிறதா, கூட யார் இருக்கிறார்கள் என்று கோடு போட்டுக்கொண்டான். அந்தப் பெண் ஓரத்தில் இன்னொரு கட்டம் போட்டுவிட்டு, "இதுக்கு என்ன தலைப்பு மாமா போடணும்?" என்றாள். "எதுவரைக்கும் வாராங்கன்னு போடு தாயி" என்றேன். ரோடு, மரத்தடி, திண்ணை, கட்டில் என்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே எழுதினாள். எழுதி முடித்தபின் அடுத்த மாதத்துக்கும் அதே கட்டத்தை இன்னொரு தடவை போட்டு வைத்தாள்.